கேட்டில் நின்ற காவல்காரன்

மூன்றாவது கீமோ முடிந்த வாரம் என் மனைவியின் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டன. சாதாரண சளிகூட ஆபத்து, காய்ச்சல் நூறைத் தாண்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அன்று முதல் எங்கள் மாரெட்பள்ளி வீட்டுக்கு நான்தான் வாட்ச்மேன். வாயில் மாஸ்க், கையில் சானிடைசர். நம் ஆட்களுக்குத்தான் தெரியுமே, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சாத்துக்குடியோடு படையெடுப்பார்கள். சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினேன். குஷாய்குடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த என் அக்கா கேட்டருகே ஒரே ஒரு தும்மல் போட்டாள்.

"உள்ள வர்றது நக்கோ அக்கா, வேணாம்."

"ரோட்டுப் புகைடா அது! கூடப் பொறந்தவளையே கேட்டோட அனுப்புறியா?"

அனுப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் காலை மனைவிக்குத் தெர்மாமீட்டர் வைத்தேன். தொண்ணூற்றெட்டரை. எனக்குத்தான் குளிரெடுத்தது. சந்தேகப்பட்டு எனக்கும் வைத்துப் பார்த்தேன். நூற்றொன்று.

கழுவி வைக்கிற சாக்கில் தெர்மாமீட்டரோடு நழுவப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"எந்த இரானி கடையில டீ குடிச்சீங்க?"

தெருமுனைக் கடையில்தான். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, இருமிக்கொண்டிருந்த நண்பனோடு ஒரே தட்டில் பிஸ்கட் தின்றிருந்தேன். ஊரையே தடுத்த காவல்காரன் நானே கிருமியை உள்ளே கூட்டி வந்திருக்கிறேன்.

டாக்டருக்குப் போன் செய்தோம். நான் தனி அறைக்குப் போக வேண்டும், அவளுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்க்க வேண்டும் என்றார். பார்ப்பது யார்? வெட்கத்தை விட்டு அக்காவைக் கூப்பிட்டேன். ஆட்டோவில் வந்து இறங்கியவள், கையைக் கழுவிவிட்டு என் அறைக் கதவைத் தட்டினாள்.

"வாட்ச்மேன் சார், உள்ள வரலாமா? இப்ப தும்மல் இல்ல."

"அக்கா..."

"பேச்சு நக்கோ. கதவத் தொறக்காத."

மூன்று நாள் அந்த அறையில் கிடந்தேன். என் காய்ச்சல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தெர்மாமீட்டர் 'பீப்' என்றதும் எழுந்து கதவில் காதை வைப்பேன். அக்கா எண்ணைச் சொல்லுவாள். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டரை. இரண்டாம் நாள் சாயங்காலம் தொண்ணூற்றொன்பதரை. ஆஸ்பத்திரிப் பையை யார் தூக்குவது, ஆட்டோவில் அவள் பக்கத்தில் யார் உட்காருவது? நான் உட்காரவே கூடாதே.

மூன்றாம் நாள் சாயங்காலம் 'பீப்' கேட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

"எவ்வளவு?" என்றேன். "அக்கா! எவ்வளவுன்னு சொல்லு!" கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

"தொறக்காதீங்க." அது என் மனைவியின் குரல். "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. அக்கா கண்ணாடியத் தேடிட்டிருக்காங்க."

கதவிலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். இன்னொரு தடவை வச்சுப் பாரேன்."