ஸ்கிப் போட்ட உதாரணம்

வீட்டில் அவளுக்கு ‘விளக்கம்’ என்று பேர். குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டுவிட்டால் போதும். திருப்பினால் என்ன ஆகும், திருப்பாவிட்டால் என்ன ஆகும், அளவுக்கு மீறித் திருப்பினால் என்ன ஆகும் என்று மூன்றையும் சொல்லி முடித்துத்தான் ஓய்வாள். பேர் வைத்தவன் அவள் தம்பி.

இப்படிப்பட்ட வாய்க்கு ஏற்ற வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது, சம்பளம்தான் கிடையாது. கணக்குப் போடும் சின்னச் சின்ன நிரல்களை, அதாவது ஃபங்ஷன்களை, எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருக்கும் ஒரு தொகுப்பு, லைப்ரரி என்பார்கள். அந்த ஃபங்ஷன்கள் என்ன வாங்கும், என்ன தரும் என்பதற்கான விளக்கக் குறிப்புகளை அவள் எழுதினாள். பகலெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் மாரடித்துவிட்டு வந்து, துணி மடிக்கும் மேஜையின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். கணவன் அதைப் பார்த்து, “பைசா வராத வேலைக்கு இவ்வளவு பாடா?” என்பான். காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஒவ்வொரு விளக்கத்தின் அடியிலும் ஓர் உதாரணம் இருக்கும். இதைக் கொடுத்தால் இது வரும் என்று. யாராவது நிரலில் கைவைத்தால் ஒரு கணினி எல்லா உதாரணங்களையும் தானே ஓட்டிப் பார்த்து, விடை பொருந்தாத இடத்தில் சிவப்புக் காட்டும். பிசகவே பிசகாத ஏற்பாடு. ஆனால் அவளுடைய ஓர் உதாரணம் மட்டும் படுத்தி எடுத்தது. விடை சரிதான், திரையில் வரும்போது நடுவில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தது, அதற்கும் சிவப்பு. மண்டை காய்ந்துபோய், இதைச் சோதிக்காதே என்று பொருள்படும் ‘ஸ்கிப்’ குறியைப் பக்கத்தில் போட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை. இந்த வேலை செய்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான் இது, அதனால் யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை.

அட்டவணையில் இரண்டு எண்களுக்கு நடுவே இருப்பதைக் கணித்துச் சொல்லும் ஃபங்ஷன் அது. அட்டவணைக்கு வெளியே போனால் எண் எதுவும் இல்லாத வெற்று மதிப்பு தரும் என்று அவள் எழுதியிருந்தாள். எழுதிய அன்று உண்மை. பின்னால் யாரோ ஒருவர், வெற்றாக வேண்டாம், கடைசி எண்ணையே தரட்டும் என்று மாற்றினார். பொருந்தாமல் போன உதாரணங்களெல்லாம் சிவப்பாகித் திருத்தப்பட்டன. ஸ்கிப் போட்டது மட்டும் பழைய பொய்யோடு அப்படியே கிடந்தது.

தம்பி தண்ணீர் விநியோக அலுவலகத்தில் பொறியாளர். அந்த ஃபங்ஷனைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டவன், விளக்கம் அக்கா எழுதியது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். பெரிய தொட்டியின் நீர்மட்டம் அட்டவணையைத் தாண்டினால் வெற்று மதிப்பு வரும், வந்ததும் மோட்டார் நிற்கும் என்று நிரல் எழுதினான். தொட்டி நிரம்பி வழிந்த அன்று வெற்று மதிப்பு வரவில்லை. கடைசி எண்ணே திரும்பத் திரும்ப வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டார் அறைக்குள் தண்ணீர் புகுந்து, சுவிட்சை அணைக்கப் போன பம்ப் ஆபரேட்டரை மின்சாரம் தூக்கி எறிந்தது. உயிர் தப்பினார், வலது கைக்கு உணர்ச்சி இல்லை.

விசாரணை நடப்பதைத் தம்பி அக்காவிடம் மூச்சுவிடவில்லை. தம்பி பெண்டாட்டிதான் வந்து சொன்னாள்.

“அண்ணி, ‘நான்தான் சரியா படிக்கல’ன்னு எழுதிக் குடுத்துட்டாரு. உங்க பேரு வெளியில வரக்கூடாதாம்.”

எந்த ஃபங்ஷன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் அந்த உதாரணத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். திரையில் கடைசி எண் சாவகாசமாக வந்து நின்றது.

“அந்த லைப்ரரியோட லைசன்ஸ்லயே எதுக்கும் உத்தரவாதம் கிடையாதுன்னு போட்டிருக்கு. உன்ன யாரு கேக்கப் போறாங்க?” என்றான் கணவன்.

“யாரும் கேக்க மாட்டாங்க. அதான் தாங்கல,” என்றாள்.

அன்றைக்கே விளக்கத்தைத் திருத்தி, ஸ்கிப்பை எடுத்து, தவறு எப்போது நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று தன் பேரையும் சேர்த்து லைப்ரரியின் பொதுப் பக்கத்தில் எழுதினாள். அதை அச்செடுத்துக்கொண்டு மறுநாள் விசாரணை அதிகாரியின் அறைக்குப் போனாள். ஜன்னல் ஓரமாக நின்றிருந்த தம்பி அவளைப் பார்த்ததும் முகம் வெளிறினான்.

அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். பிறந்ததிலிருந்து விளக்கி வந்தவள், அன்றுதான் ஒரு வார்த்தைகூட மிகையில்லாமல் விளக்கினாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

“இத எழுத உங்களுக்கு யாரு சம்பளம் தராங்க?”

“யாரும் தரல சார்.”

“சரியான்னு பாத்து யாரு கையெழுத்துப் போடுவாங்க?”

“கம்ப்யூட்டர் பாக்கும். இத மட்டும் பாக்க வேணாம்னு நான்தான் வச்சேன்.”

அதிகாரி மேஜையிலிருந்த தாளைப் பார்த்தார். கவனக்குறைவு, எச்சரிக்கையோடு விடலாம் என்று அவர் எழுதி முடித்திருந்தார். பேனாவை எடுத்து அதை அடித்தார்.

“தப்பா படிச்சா மன்னிக்கலாம்மா. சொந்த அக்கா எழுதினத ஒரு தடவகூட ஓட்டிப் பாக்காம மோட்டார்ல மாட்டியிருக்காரு. அத எங்ககிட்ட மறைச்சும் இருக்காரு. இனிமே இவர எப்படி வேலையில வைக்கிறது?”

காப்பாற்ற வந்தவள் கையாலேயே தம்பியின் வேலை போயிற்று. சொல்லிய வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அலுவலக வாசற்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“அந்தக் குறிய எடுத்துட்டியா?” என்று கேட்டான்.

“எடுத்துட்டேன்டா.”

“வேற எங்கயாவது போட்டிருக்கியா?”

போட்டிருந்தாள். எங்கெங்கே என்று அவளுக்கே நினைவில்லை.

தம்பி எழுந்து, அவளுடைய பையை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

“வீட்டுக்குப் போக்கா. போய் அதெல்லாத்தையும் எடு. யாராவது அத நம்பி மோட்டார் ஓட்டிட்டிருப்பாங்க.”