கடலுக்கு விட்ட வீடு

பாரிசின் லா சப்பலில் நடைபாதையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து கால் உளைய வரும்போது, மழையில் நனைந்த அந்தக் களிமண்ணின் மணம் என்னை இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு, நாங்கள் வாடகைக்கு இருந்த கிராமத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதன் விளிம்பில் களிமண் மேடு, கீழே பழுப்புநிறக் கடல். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மேடு பொத்துப்பொத்தென்று இடிந்து விழ, அம்மா உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பத்தைப் பிடுங்கி வீட்டுப் பக்கமாக நட்டுக்கொண்டே வந்தார். காய்ந்த உடுப்பெல்லாம் உப்பேறி, பள்ளிக்கூடச் சட்டை கழுத்தில் உரசி எரியும். கடைசியில் கொடி கட்டவும் இடமில்லை. நகரசபையிலிருந்து வந்து வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். பாரிசில் இருந்த மாமா எங்களைக் கூப்பிட்டார். இப்போது அந்தத் தெருவே இல்லை.

புறப்படுகிற காலை, பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு அம்மா சமைக்கிற குசினியின் தரையைக் கழுவத் தொடங்கினார்.

“இஞ்சை பாரும், கடல் கொண்டுபோற வீட்டை ஏன் கழுவுறீர்?” என்றார் அப்பா.

“யாழ்ப்பாணத்து வீட்டைக் கூட்டக்கூட நேரமில்லாமல் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். இதையாவது துப்புரவாக்கிப்போட்டு வாறன்.”

 தரை காயும்வரை மூவரும் வெளியே குளிரில் நின்றோம்.