லோடு எத்தனைங்க?

ஐம்பது வயதில் பைபாஸில் பறக்க ஆசைப்பட்டு, பழைய காருக்குப் பெரிய இன்ஜின் மாட்டினேன். பின் அச்சின் பல்சக்கரத்தையும் வேகத்துக்கு ஏற்றதாக மாற்ற, சங்ககிரி லாரிப் பட்டறைக்குப் போனேன்.

மேஸ்திரிக்கு மீசையும் முறைப்பும் ஒரே அளவு. நாம் பேசினால் சுத்தியலால் எதையாவது தட்டுவார். அச்சைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கேட்டார்.

"லோடு எத்தனைங்க?"

"லோடே இல்லீங்க. நான் மட்டும்தான். வேகம் வேணும்."

டங். "லோடு இல்லாத வண்டிய எதுக்குங்க ஓட்டோணும்?"

"என் வண்டி, என் இஷ்டம்!"

டங், டங். "அப்ப ஊட்டுக்குக் கொண்டுபோயி நீங்களே மாட்டிக்கோங்க."

கழற்றிய காரை எப்படிக் கொண்டுபோவது? ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். பாரம் இழுக்கும் பல்சக்கரத்தையே மாட்டினார். இப்போது கார் எந்த மேட்டிலும் ஏறும். நாற்பதைத் தாண்டினால் அலறும். என்னை எத்தனை டன் என்று கணக்குப் போட்டாரோ, இன்றும் தெரியவில்லை.

மனைவிக்குத்தான் சந்தோஷம். "நல்லதாப் போச்சுங்க. எங்கம்மா ஊட்டு நெல்லு மூட்டைய இனி இதுலயே ஏத்திட்டு வந்துரலாம்."