செல்வமக்கா தின்ற சுருள்

பளையில் புதிதாகத் திறந்த கடையில் பான்கேக் கேட்டேன். தேன் ஊற்றித் தந்தார்கள். வேலை தேடிப் போன ஊர்களில் இதைப் பலவிதமாகத் தின்றிருக்கிறேன். பாரிஸில் சீனியும் தேசிக்காய்ப்புளியும், கனடாவில் மேப்பிள் பாணி, மலேசியாவில் இடித்த கச்சான் கடலை. மேலே எதைப் போட்டாலும், தாச்சியில் மா கருகும் மணம் என்னை நான் வளர்ந்த வட்டக்கச்சி வீட்டுக் குசினிக்குள்தான் கொண்டுபோய் விடும்.

அங்கே கிடுகுக் கூரையின் கீழ் புகை அசையாமல் நிற்கும். மலையகத்தில் பிறந்த அம்மா நிவாரண மாவைக் கரைத்து மெல்லிசாக வார்ப்பார். தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்துச் சுருட்டி, முதல் சுருளைப் பக்கத்துக் காணிச் செல்வமக்காவிடம் நீட்டுவார்.

“எனக்கு இனிப்புச் சரிவராது, பிள்ளை.”

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். எங்களோடு வயலில் களை பிடுங்குவார், கதைப்பார், சிரிப்பார். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மலையகத்திலிருந்து வந்த சனத்தின் கையால் அவர் எதுவும் வாங்கித் தின்னமாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் நீட்டுவார்.

ஒரு மாரி மழைக்கு அக்கா எங்கள் குசினிக்குள் ஒதுங்கினார். அம்மா அன்று சீனியை எடுக்கவில்லை. செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்த சம்பலை வைத்துச் சுருட்டினார்.

“இதுல இனிப்பே இல்லக்கா. காரந்தான்.”

அக்கா சுருளைப் பார்த்தார். வெளியே மழையைப் பார்த்தார். அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு வாங்கிக் கடித்தார்.

“உப்புக் காணாது.”

அம்மாவின் முகம் வாடிப்போனது.

“என்ன பாக்கிறாய்? உப்பைப் போட்டு இன்னொண்டு சுடு.”

பளைக் கடையில் தேன் தட்டின் விளிம்புவரை வழிந்திருந்தது. கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

“தங்கச்சி, சம்பல் இருக்கோ?”

“பான்கேக்குக்கோ, அண்ணை?”

“ஓம். உப்புக் கொஞ்சம் கூடப் போட்டு.”