இடப்பக்கம் காணாமல் போன திரை

கணினியில்தான் கோளாறு என்று அவர் அடித்துச் சொன்னார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, நாற்காலியில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தெம்பு வந்ததும் அவர் கேட்ட முதல் பொருள் அந்தக் கணினிதான். திறந்து வைத்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"யாரோ இத நோண்டியிருக்காங்க. பாதிய காணோம்."

"எதுங்க காணோம்?"

"புதிர் வெச்சிருந்த ஃபோல்டர். ஐகான் எல்லாமே. ஸ்டார்ட் பட்டன்கூட இல்ல பாரு."

மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் இருந்த இடத்தில் இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் கணினியைப் பொறுத்தவரை அவர் சொன்னதுதான் அந்த வீட்டில் சட்டம். அவர் ஒரு வார இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுபவர். காலையில் கணினிமுன் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அவளுக்கோ தையல் மெஷின்தான் உலகம். திரைச்சீலை, சோபா உறை, மெத்தை உறை என்று தைத்துத் தைத்துத் தெருவுக்கே தையலக்கா ஆகிவிட்டவள். தையல் என்றாலே பெண் என்றும் ஓர் அர்த்தம் உண்டே, ஊர் உன்னைப் பெண்ணக்கா என்று கூப்பிடுகிறது என்று அவர் கேலி செய்வார்.

பக்கவாதம் அவருடைய இடது கையையும் காலையும் பிடித்துக்கொண்டது. அவர் இடதுகைக்காரர், எழுதுகிற கையே போய்விட்டது. பேச்சும் கேலியும் அப்படியே இருந்தன என்பதில்தான் தையலக்கா ஆறுதல் அடைந்திருந்தாள். புதிர் இல்லாவிட்டால் அந்தப் பேச்சும் நாளடைவில் அடங்கிவிடும் என்று அவளுக்குப் பயம்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அம்மா, பேசாம சர்வீஸ் கடையில குடுத்துடு. நீ கைய வெச்சு இருக்கறதையும் கெடுத்துடாத" என்றாள்.

கைவைக்காதே என்று சொன்னால் கை துறுதுறுக்கும் பிறவி தையலக்கா. செல்பேசியில் தன் கேள்வியை அப்படியே தட்டித் தேடிப் பார்த்தாள். விண்டோஸ் கணினியைப் பிரித்து மேய்வதையே பொழுதுபோக்காகக் கொண்ட சிலர் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்று அகப்பட்டது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பழைய பல்பு, நீலத்திரை, சூறாவளி என்று ஆளுக்கொரு பட்டப்பெயர். இவளும் 'தையலக்கா' என்றே சேர்ந்து எழுதினாள்: "கம்ப்யூட்டர்ல இடப்பக்கம் இருக்கறது எல்லாம் மறைஞ்சு போச்சு. என்ன பண்ணலாம்?"

ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னார் ஒருவர். திரையின் அளவை மாற்றிப் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். டிரைவர் பழசாகியிருக்கும் என்றார் நீலத்திரை. பஸ் ஓட்டுகிற டிரைவர் இல்லை, திரைக்கும் கணினிக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை வாங்கி மற்றதற்குக் கொடுக்கிற சின்ன நிரல் அது என்று அவளுக்குப் புரிய வைப்பதற்குள் நீலத்திரைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சொன்னதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் செய்தாள். ஒவ்வொன்றையும் செய்த பிறகு என்ன ஆயிற்று என்று வந்து எழுதினாள். பழைய பல்பு ஒரு நாள் கேட்டார்: "அக்கா, திரைய ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன்."

போட்டாள்.

"எல்லாம் இருக்கேக்கா. இடப்பக்கம் வரிசையா ஐகான் தெரியுதே."

"எனக்கும் தெரியுது தம்பி. அவருக்குத்தான் தெரியல."

இதை எழுதும்போதே அவளுக்குள் என்னவோ இடறியது. அன்று மத்தியானம் அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். தட்டின் வலப்பாதி துடைத்து வைத்ததுபோல் காலி. இடப்பாதி பரிமாறியபடியே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடேன், பசிக்குது" என்றார் அவர்.

அவள் எதுவும் போடவில்லை. தட்டை மெதுவாக அரைவட்டம் திருப்பி வைத்தாள். "ஆங், இவ்வளவு போதும்" என்று அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். தையலக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதாள்.

"கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லம்மா" என்றார் மருத்துவர். "இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை கணக்குல சேத்துக்க மாட்டேங்குது. பழகப் பழகத் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினாள்: "எல்லாரும் மன்னிக்கணும். கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு, அவருக்குத்தான் முடியல. இனிமே கம்ப்யூட்டரத்தான் அவருக்கு ஏத்த மாதிரி மாத்தணும். எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான், தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி குழு பரபரத்துக் கிளம்பிவிட்டது. இருக்கிற கணினியை இஷ்டப்படி வளைப்பது என்றால் அந்தக் கிறுக்கர்களுக்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம். திரையின் அடியில் பட்டையாகக் கிடக்கும் டாஸ்க்பாரைப் பிடித்து இழுத்து வலது ஓரத்தில் நிறுத்தச் சொன்னார்கள். ஐகான்கள் தாமாக வரிசை கட்டுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக வலப்பக்கம் கொண்டு வரச் சொன்னார்கள். திரையில் சுட்டி அம்பு தொலைந்துபோனால் ஒரு விசையை அழுத்தியதும் அதைச் சுற்றி வட்டம் விரிகிற ஏற்பாடு விண்டோஸுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது, அதை எழுப்பினாள். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடங்களில், ஒற்றைக் கைக்காரருக்காக ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலும் போதும் என்று மாற்றினாள். எது சிறந்த வழி என்று நீலத்திரையும் இன்னொருவரும் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார்கள். "நீங்க சண்டைய முடிச்சிட்டு வாங்க, நான் அதுக்குள்ள ரெண்டையும் செஞ்சு பாத்துடறேன்" என்று எழுதிவிட்டுப் போனாள் தையலக்கா.

அவர் வலது கையால் தத்தித் தத்தித் தட்ட ஆரம்பித்தார். கட்டங்களில் எழுத்துகள் விழுந்தன. இதழாசிரியரிடம் தாமே பேசி, அடுத்த இதழுக்குப் புதிர் வரும் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தையலக்காவுக்குப் பேராசை பிடித்தது. கணினி கொஞ்சம் மந்தமாக இருப்பதாகக் குழுவில் முனகினாள். சூறாவளி உடனே ஒரு சின்னக் கோப்பை அனுப்பினார். "இத ஓட விடுங்கக்கா, பின்னாடி சும்மா ஓடிட்டிருக்கற வேண்டாத சர்வீஸ் எல்லாத்தையும் நிறுத்திடும். மெஷின் பறக்கும்." பழைய பல்பு அன்று குழுப் பக்கமே வரவில்லை. கோப்பை ஓடவிட்டதும் அது திரையில் ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம், ஆம் என்று அழுத்தினாள். கணினி உண்மையிலேயே பறந்தது. ஒரே ஒரு நாள்.

மறுநாள் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் திரை கறுப்பாக நின்றது. கறுப்புக்கு நடுவில் சுட்டி மட்டும் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி முடிந்த புதிர் உள்ளே மாட்டிக்கொண்டது.

அவர் திட்டவில்லை. "விடும்மா. இனிமே இதெல்லாம் நமக்குச் சரிப்படாது போல" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

செல்பேசியை எடுத்துக் குழுவுக்குப் போனாள். சூறாவளி போன இடம் தெரியவில்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் பழைய பல்புக்குப் பிழைப்பு. ஏதோ ஒரு கட்டடத்தில் வேலைக்கு நடுவே பதில் போட்டார். "பதறாதீங்கக்கா. ஃபைல் எங்கயும் போகல. இப்ப நான் சொல்றத ஒண்ணொண்ணா செய்யுங்க. ஒண்ணு முடிச்சு எனக்குச் சொன்ன பிறகுதான் அடுத்தது."

கணினியை முடுக்கி, அது எழுந்திருக்கும் முன்பே பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இப்படி மூன்று முறை.

"அடிச்சு எழுப்பி அடிச்சு எழுப்பித் தூங்க வெச்சா கெட்டுப் போகாதா தம்பி?"

"கோபம் வந்து அதுவே 'என்ன பிரச்சினை'ன்னு கேக்கும்கா. நமக்கு அதான் வேணும்."

கேட்டது. நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்து, பழுதுபார்க்கும் வழிகளை அடுக்கியது. எழுதி வைத்த கோப்புகளைத் தொடாமல், கணினி நன்றாக இருந்த பழைய தேதி ஒன்றுக்கு மற்ற எல்லாவற்றையும் திருப்புகிற வழியைப் பழைய பல்பு தேர்ந்தெடுக்கச் சொன்னார். முதலில் தேர்ந்தெடுத்த தேதி பாதி வழியில் முரண்டு பிடித்து, முடியவில்லை என்று கைவிரித்தது. அதற்கும் முந்தைய தேதி ஒன்று இருந்தது. அதை அழுத்திவிட்டு, புள்ளிகள் வட்டமடிப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் ஒரு திரைச்சீலைக்கு முழுக்கக் கரை மடித்து முடித்துவிட்டாள். தலைநிமிர்ந்தபோது திரையில் வெளிச்சம் இருந்தது. புதிரும் இருந்தது.

ஆனால் அவள் செய்த மாற்றம் ஒன்றுகூட இல்லை. ஐகான்கள் பழையபடி இடப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தன. குழுவைத் திறந்து பழைய பதில்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. கை போகிற போக்கிலேயே டாஸ்க்பாரை இழுத்தாள், விசைகளை மாற்றினாள், சுட்டியைப் பெரிதாக்கினாள். எல்லாம் முடிந்து, திரும்பி வருவதற்கு ஒரு தேதியையும் குறித்து வைத்துவிட்டுத்தான், இத்தனையையும் யாரிடமும் கேட்காமலே செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

கட்டிலருகே போய், "எழுந்து வாங்க. இன்னும் கால்வாசி பாக்கி இருக்கு" என்றாள்.

கைகால் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண் அந்தத் திரையைப் பார்த்து வியந்துபோனாள். வியந்துவிட்டு, "ஆன்ட்டி, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். "எல்லாத்தையும் வலப்பக்கம் கொண்டு வந்துட்டீங்க. வசதிதான். ஆனா இப்படியே இருந்தா இடப்பக்கம் பாக்க அவருக்கு அவசியமே வராது. மூளைக்கு அந்தப் பக்கத்த ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும்."

தையலக்காவுக்குச் சுருக்கென்றது. பாடுபட்டு வெட்டித் தைத்ததை, அளவு சரி, ஆனால் ஆளுக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்த மாதிரி. அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் அவளே கேட்டாள்: "அப்ப எப்படி ஞாபகப்படுத்தறது?"

படிக்கிறபோது தாளின் இடது ஓரத்தில் பட்டையாக ஒரு சிவப்புக் கோடு போடுவார்களாம். கண் அந்தச் சிவப்பைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் ஒவ்வொரு வரியையும் தொடங்க வேண்டும். தாளில் போடலாம், திரையில் எப்படிப் போடுவது என்று பயிற்சிப் பெண்ணுக்குத் தெரியவில்லை. தையலக்காவுக்கும் தெரியவில்லை. ஆனால் யாரைக் கேட்பது என்று தெரியும்.

திரையில் எந்தச் சன்னலைத் திறந்தாலும் அதற்கு மேலே, இடது ஓரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு சிவப்புப் பட்டை. பழைய பல்பும் நீலத்திரையும் சேர்ந்து அதற்கொரு நிரல் எழுதினார்கள். இந்த முறை தையலக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆம் போடவில்லை. அந்த நிரலின் ஒவ்வொரு வரியும் என்ன செய்யும் என்று கேட்டுக் கேட்டு அவர்களைக் குடைந்தெடுத்த பிறகே ஓடவிட்டாள். பட்டை கொஞ்சம் ஒல்லியாக இருப்பதாகத் தோன்றியது. ஓர் எண்ணைத் தானே மாற்றி அகலப்படுத்தினாள்.

பிறகு ஐகான்களை இடம்பெயர்க்க ஆரம்பித்தாள். ஒரேயடியாக இல்லை. அவர் குளிக்கப் போகும் நேரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் இடப்பக்கமாகத் தள்ளி வைப்பாள். அவருக்குப் பழகிய பிறகு இன்னொரு விரல் அகலம். ஒரு நாள் அவர் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்ல எனக்குத்தான் கால் சரியில்ல. ஐகான் எல்லாம் ஜோரா நடக்குது."

"நடந்தா நல்லதுதானே."

"யார் கைபிடிச்சு நடத்தறாங்கன்னு கேக்கறேன்."

அவள் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். அவர் சிரித்துவிட்டார். அதற்கடுத்து வந்த இதழில் மேலிருந்து கீழ் ஒரு குறிப்பு இப்படி இருந்தது: 'வீட்டுக்காரி தைப்பாள், வீட்டுக்காரன் பார்ப்பான் (2).' திரை என்பது விடை. குழுவில் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தது பழைய பல்புதான்.

எல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. திரையின் கடைசி இடது ஓரம் இன்றைக்கும் சில நாள் அவருக்கு மங்கிவிடுகிறது. வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். ஆனால் ஐகான்கள் அவற்றின் பழைய வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டன, ஸ்டார்ட் பட்டனும்தான். புதிர் ஓர் இதழ்கூடத் தவறுவதில்லை.

சூறாவளி வெகு காலம் கழித்துக் குழுவில் தலைகாட்டி, "அக்கா, அன்னிக்கு என்னால உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்" என்று எழுதினார். "படிக்காம ஆம் போட்டது நான்தானே. ஆனா இனிமே கோப்பு அனுப்பினா, அது என்ன செய்யும்னு கூடவே எழுதணும், ஆமா" என்று பதில் போட்டாள். குழுவில் புதிதாக வந்து புலம்புகிறவர்களுக்கு இப்போது முதலில் பதில் சொல்வது பெரும்பாலும் அவள்தான். திரும்பி வர ஒரு தேதியைக் குறித்துக்கொண்டீர்களா என்று கேட்காமல் அடுத்த பேச்சுக்குப் போக மாட்டாள்.

திரையோடு அவள் நிறுத்திக்கொள்ளவில்லை. சன்னலோரம் வெளிச்சம் பார்த்துப் போட்டிருந்த தையல் மெஷினை ஒரு நாள் ஆள் வைத்துத் தூக்கி, அவருடைய மேசைக்கு இடப்பக்கம் கொண்டு வந்து போட்டாள். அங்கே வெளிச்சம் போதாது. தலைக்கு மேல் தனியாக ஒரு விளக்கு மாட்ட வேண்டியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும், ஒரு சொல்லுக்கு யோசனை கேட்பதென்றாலும் அவர் அந்தப் பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும்.

"ஏம்மா, மூணெழுத்துல பிடிவாதத்துக்கு வேற சொல் இருக்கா?"

"இங்க திரும்பிக் கேளுங்க."

அவர் திரும்புகிறார். கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள்.