உள்ளே கை இருந்த பொம்மை

“அரிச்சுவடி வகுப்பில் ஒரு பிள்ளை இடது கையால் வணக்கம் சொன்னது.” எங்கள் பள்ளியின் ஆய்வுப் புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் எழுதிய முதல் வரி இது. அன்றே என் நோட்டில் படியெடுத்துக்கொண்டேன். 1942, ஆவணி, வெள்ளிக்கிழமை. தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது.

பாலக்கோட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நான் ஆசிரியை. பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை என்று இன்ஸ்பெக்டர் முன்பே கண்டித்திருந்தார். வெள்ளிக்கிழமை அவர் மறுபடி வரும்போதும் அறை காலியாகக் கிடந்தால் வகுப்பை மூடிவிடுவார். என் வேலையும் போய்விடும். பிள்ளைகளை வரவழைக்க ஒரு பொம்மை செய்தேன். குச்சியில் வைக்கோலைச் சுற்றி, சட்டை மாட்டி, துணி உருண்டையில் கண்ணும் வாயும் எழுதினேன். அதைப் பேசவைத்துக் கதை சொல்லலாம் என்பது எண்ணம்.

திங்கட்கிழமை தூக்கிக் காட்டினேன். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். இருவர் வெளியே ஓடினார்கள். செவ்வாயன்று பாதிப் பேர் வரவில்லை. புதனன்று வந்தது ஐந்தே பேர்.

“பொம்மையக் காட்டிப் பள்ளிக்கூடத்தயே காலி பண்ணிட்டீங்களேம்மா,” என்றார் தலைமையாசிரியர். “வெள்ளிக்கெழம பொம்மைங்களயே வரிசையா உக்கார வெச்சிடலாமுங்களா?”

அன்று மாலை, அந்த ஐவரில் ஒரு சிறுமி வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

“டீச்சரம்மா, இத எப்பக் கொளுத்துவீங்க?”

அப்போதுதான் விளங்கியது. மழை பொய்த்ததால் முந்தின வாரம் ஊரார் கொடும்பாவி கட்டினார்கள். வைக்கோலில் ஆள் உருவம் செய்து, பழைய சட்டை போட்டு, மாரடித்து அழுதபடி தெருத்தெருவாக இழுத்துப் போய் ஏரிக்கரையில் எரித்தார்கள். நானும் நின்று பார்த்தேன், கிழமையைக்கூடக் குறித்துவைத்தேன். என் பொம்மையும் அதே வைக்கோல், அதே சட்டை என்பது மட்டும் உறைக்கவில்லை.

“கொளுத்த மாட்டேன்.”

“எங்கப்பன் சொக்காயப் போட்டுத்தான் அதக் கொளுத்தினாங்க.”

அவள் கண்ணெதிரே வைக்கோலைப் பிடுங்கி, வெளியே நின்ற மாட்டுக்குப் போட்டேன். குச்சியை முறித்தெறிந்தேன். தலையும் வெறும் சட்டையும் மிஞ்சின. உள்ளே கையை விட்டு ஆட்டினேன். அவள் மெதுவாகக் கிட்டே வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். என் மணிக்கட்டைக் கிள்ளினாள்.

“கை உள்ள இருந்தா கொளுத்த மாட்டாங்க. சுடுமில்ல.”

வியாழக்கிழமை மற்றவர்களை அவளே கூட்டிவந்தாள். ஆளுக்குச் சற்று நேரம் பொம்மைக்குள் கை வைத்திருந்தார்கள். கை மாறும்போதெல்லாம் அவள் அதட்டல் கேட்டது: “நீ கைய உள்ள வுட்டப்புறம்தான் அவன் வெளிய எடுக்கோணும்.”

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் நுழைந்தபோது அறை ஏறக்குறைய நிறைந்திருந்தது. அப்போது பொம்மை அவள் முறை; வலது கை அதற்குள் இருந்தது. எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். அவள் இடது கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

“ரெண்டு கையும், பாப்பா,” என்று பல்லைக் கடித்தார் தலைமையாசிரியர்.

அவள் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

“அந்தக் கைக்கு என்ன?”

“எடுத்தாக் கொளுத்திருவாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளை மறுபடி எண்ணிவிட்டு உட்கார்ந்து எழுதினார். இரண்டாவது வரி: “வகுப்பு நீடிக்கலாம்.”

எரிந்தது அவள் அப்பாவின் சட்டைதானா என்று பிறகு விசாரித்தேன். அப்பா இல்லை என்றார். அவள் அம்மா, “இருக்குமுங்க,” என்றார். யார் சொன்னது சரி என்று இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.