நெசமான மூணு கொட்டேஷன்

எங்கள் தேயிலை ஃபெக்டரியில் ஓர் ஆணி வாங்குவதென்றாலும் மூன்று கடைகளின் கொட்டேஷன் வேண்டும். கொழும்பு ஹெட் ஒஃபீஸின் சட்டம். ஸ்டோர் கிளாக்கரான நான் அதைப் பல வருடங்களாக ஒரே ஆளின் உதவியோடு காப்பாற்றி வந்தேன். மாவனல்லையில் மெஷின் சாமான் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளிதான் அவர். தன் கொட்டேஷனோடு, சிநேகிதர்கள் இருவரின் லெட்டர்ஹெட்டில் கொஞ்சம் கூடிய விலைகளையும் அவரே எழுதிக் கொண்டுவந்துவிடுவார். பதிலுக்கு அவருடைய லெட்டர்ஹெட் மற்றத் தோட்டங்களில் அந்தச் சிநேகிதர்களுக்காகத் தோற்றுக்கொண்டிருந்தது.

போன வருடம் கணக்கு ஒடிட்டுக்கு வந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, “மூணு முதலாளிமாரும் ஒரே வாத்தியார்கிட்ட எழுதப் படிச்சாங்களா?” என்று கேட்டார். அன்றே எனக்கு நேர்மை வந்துவிட்டது.

அடுத்து வாங்க வேண்டியிருந்தது, கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கு ஒரு வருடத்துக்கான பெல்ட். எங்களிடமிருந்து நானாவுக்குப் போகிற பெரிய ஓர்டர் அது ஒன்றுதான். போன் பண்ணினேன்.

“நானா, இந்தத் தடவ நெசமான மூணு கொட்டேஷன் வேணுங்க.”

“அப்ப இவ்வளவு நாளும் தந்தது?”

“அது நீங்க எழுதினதுங்க.”

“ஒங்களுக்குக் கரைச்சல் வேணாம் எண்டுதானே மாத்தயா எழுதின! சரி, கொண்டாறன்.”

நியாயமான போட்டியை நடத்தும் பொறுப்பையும் போட்டியாளரிடமே ஒப்படைத்தவன் இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பஸ் ஏறி மாவனல்லைக்குப் போக எனக்குச் சோம்பல். பெல்ட் அளவை மட்டும் மற்ற இரண்டு கடைகளுக்கும் நானே போனில் சொன்னேன்.

இரண்டு நாளில் நானா வந்தார். மற்ற இரண்டு கடைகளின் உறைகளும் ஒட்டியபடி, மேலே அவரவர் சீலோடு இருந்தன. அவருடைய தாள் மட்டும் உறையில்லாமல், நாலாக மடித்து, சட்டைப்பையில். மேசையில் வரிசையாக வைத்தார். உறைகளைக் கிழித்தேன். ஒரு சிங்கள முதலாளியின் விலை நானாவுடையதைவிட நன்றாகவே குறைந்திருந்தது.

நானாவின் தாளை அவர் பக்கமே தள்ளி வைத்தேன். “நானா, ஒங்க தாள் இன்னும் ஃபைல்ல போகல. வேணும்னா மாத்தி எழுதலாங்க,” என்றேன். என் நேர்மைக்கு அவ்வளவுதான் ஆயுள்.

“நெசமானது கேட்டது நீங்கதானே?” என்று சிரித்தபடி அந்தச் சிங்கள முதலாளியின் தாளை வாங்கிப் படித்தார். சிரிப்பு நின்றது. “இவன் ஒங்கட விசிறியக் கண்டில்ல. மோட்டர்ச் சக்கரம் வெடிச்சி, சின்னது ஒண்டு போட்டமே, மறந்திட்டீங்களா? இந்த பெல்ட் நீளம் கூட. ஒரு கிழமையில வழுக்கும். விசிறி மெதுவாகும், கொழுந்தெல்லாம் செவந்து போகும்.”

மறந்துதான் போயிருந்தேன். நான் போனில் சொன்ன பழைய அளவுதான் தப்பு. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஒரு வாரத்தில் நானே அவர் கடை வாசலில் போய் நின்றிருப்பேன்.

நானா போனை எடுத்தார். “மல்லி, ஒய சைஸ் எக்க ஹரி நே,” தம்பி, அந்த சைஸ் சரியில்லை என்று ஆரம்பித்து, சரியான அளவை, எந்தச் சக்கரம், எத்தனை விசிறி என்பது வரை, தன் ஓர்டரைக் கொண்டுபோகிற மனிதருக்குச் சிங்களத்தில் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்தப் பக்கம் புதிய விலை சொன்னார்கள். அப்போதும் நானாவுடையதைவிடக் குறைவுதான்.

“அவனுக்கே குடுங்க,” என்றார். நான் கொடுத்த பிளேன்டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

பெல்ட் வந்து, மாட்டி, ஓடியது. பத்து நாள் கழித்து நானா போன் பண்ணினார். ஓர்டர் போன கவலையைச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்து, தயார் பண்ணி வைத்திருந்த சமாதானத்தை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தேன்.

“விசிறி ஓடுதா மாத்தயா?”

“ஓடுதுங்க நானா.”

“வழுக்கிற சத்தம் ஒண்டும் இல்லையே?”

“இல்லீங்க.”

“ஆ, அப்ப சரி,” என்று வைத்துவிட்டார்.